எட்டாம் வகுப்பில் வாங்கிய சி

பள்ளி நூலகத்தின் பின்னறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். தலைமையாசிரியர் வேட் கைசர் கதவோரம். மலைச்சாலைப் பனியில் பள்ளிப் பேருந்து ஏதாவது சிக்கிக்கொண்டால் முதலில் எழுந்து ஓட வேண்டியவர் அவர் என்பதால் எந்தக் கூட்டத்திலும் அவருக்கு அந்த நாற்காலிதான். எதிரே கல்வி வாரிய உறுப்பினர் டெஸ்கின்ஸ், தொப்பியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்துவிட்டு. கணக்கும் பேஸ்பாலும் சொல்லிக்கொடுக்கும் ரஸ்னிக், ஊருக்கே ‘கோச்’, ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்து அறுவை செய்த முட்டியை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். ஜன்னல் மூலையில் மடிக்கணினியோடு மாணவர் ஆலோசகர் லோர்னா ஸ்டிடம்.

விஷயம் ஒன்றே ஒன்று. மலைக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி, வருஷத்துக்கு ஒரு பிள்ளையை ஹார்லோ கேப் பள்ளியிலிருந்து முழு இலவசமாகப் படிக்க எடுத்துக்கொள்ளும். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதன் பொறுப்பு. யாரை என்று பள்ளி சொல்ல வேண்டும். ஆனால் பள்ளி போட்டு வைத்திருக்கும் சராசரியைக் கல்லூரி ஏற்காது. தன் முறைப்படி திருப்பிக் கணக்குப் போடும். அதே முறையில் நீங்களும் போட்டுப் பார்த்து, முதலில் வருகிறவர் பெயரை மட்டும் அனுப்புங்கள் என்பது அதன் ஏற்பாடு.

முன்னால் இருந்தவை இரண்டு பெயர்கள்: கார்பின் ரேட்லிஃப், ட்ரீவா டீல்.

“கார்பின் என் தங்கச்சி பையன்,” என்றாள் லோர்னா. “நான் வேணா வெளிய இருக்கட்டுமா?”

“ட்ரீவா எனக்கு அத்தை வழியில சொந்தம்,” என்றார் வேட். அவரும் லோர்னாவும் இதே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். “டெஸ்கின்ஸ் ரெண்டு பேருக்குமே சொந்தம். சொந்தக்காரங்களையெல்லாம் வெளிய அனுப்பினா அந்த ஹீட்டர் மட்டும்தான் ஓட்டுப் போடும். உக்காரு.”

உட்கார்ந்தாள்.

இரண்டு மதிப்பெண் சான்றுகளும் கைமாறின. கார்பினுடையது ஒரு மயிரிழை மேலே நின்றது. ட்ரீவாவின் சான்றில் வரிசையாக ஏ, ஏ, ஏ. எல்லாவற்றுக்கும் தலையில், எட்டாம் வகுப்பில் எடுத்த இயற்கணிதத்துக்கு ஒரு சி. நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போதே உயர்நிலைப் பள்ளிப் பாடம் ஒன்றை எடுத்துவிட்டால், அந்த மதிப்பெண் உயர்நிலைச் சான்றிலும் ஏறிக்கொள்ளும். நான்கு வருஷமும் கூடவே வரும்.

“அந்த வருஷமா!” என்று கோச் சிரித்தார். “ஜனவரியில டீச்சர் சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க. பாதி நாள் நான்தான் போய் நின்னேன். அந்தப் பரீட்சையை நான் எழுதியிருந்தா எனக்கே சி-தான். ஆமா, கார்பினும் அந்த வகுப்புலதானே இருந்தான்?”

“அவன் சான்றுல ஒன்பதாவதுலதான் இருக்கு. ஏ,” என்றார் வேட் தாளைப் பார்த்துக்கொண்டே.

லோர்னா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கார்பினும் அந்த வகுப்பில்தான் இருந்தான். அவனும் சி-தான் வாங்கினான். பெற்றோர் எழுதிக் கேட்டால் நடுநிலைப் பள்ளியில் வாங்கிய அப்படியொரு மதிப்பெண்ணைச் சான்றிலிருந்து எடுத்துவிடலாம். பிள்ளை ஒன்பதாவதில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்கும். விதியில் உள்ளதுதான். அவன் அம்மா நெல்டா, லோர்னாவின் தங்கை, எழுதிக் கேட்டாள், எடுத்தார்கள். நெல்டாவுக்கு அதைச் சொன்னது லோர்னா.

டெஸ்கின்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஏம்மா லோர்னா, இந்த எட்டாவது சி-யைக் கல்லூரி கணக்குல எடுக்குமா, விட்டுடுமா? விட்டுட்டா இந்தப் பொண்ணுதானே மேல வருது?”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அவளுக்குத் தெரியும். சென்ற இலையுதிர் காலத்தில் வேறொரு பிள்ளைக்காக அந்தக் கல்லூரிக்குப் பேசியபோது, சேர்க்கை அலுவலகத்து மிஸ் ப்ரில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்: ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் வாங்கினது எதுவாக இருந்தாலும் நாங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம், உயர்நிலைப் பாடமாகவே இருந்தாலும். அதை இப்போது சொல்ல ஒரு மூச்சு போதும்.

“தாள்ல ‘உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள்’னு மட்டும்தான் போட்டிருக்கு,” என்றாள்.

அதில் பொய் ஒரு சொல் இல்லை. தாளில் அப்படித்தான் இருந்தது.

“இயற்கணிதம் உயர்நிலைப் பாடம்தானே. அப்போ சேர்த்துக்க வேண்டியதுதான்,” என்றார் டெஸ்கின்ஸ். கோச் தலையாட்டினார். வேட், “பாவம் ட்ரீவா” என்று சொல்லிவிட்டுக் கார்பின் பெயரை எழுதினார். டெஸ்கின்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். கூட்டம் முடிந்தது.

அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து நெல்டா வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வழியில் பாதிப்பேர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்கள். கோச்சின் மனைவிக்குத் தெரிந்தால் போதும், தனியாக அறிவிக்க வேண்டியதில்லை.

நெல்டா பீன்ஸும் சோள ரொட்டியும் பன்றித் தொடையும் செய்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுக்கும் தட்டுகளை எடுத்திருந்தாள். அவள் கணவன் டேரல், சுரங்கம் மூடியதிலிருந்து சாப்பாட்டு மேசையில் அதிகம் பேசாதவன், அன்று எழுந்து நின்று இனிப்புத் தேநீர்க் கோப்பையைத் தூக்கினான்.

“என் பக்கத்துல இதுவரைக்கும் யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. நான் மிதிச்சிருக்கேன், அங்க கூரை போடுறதுக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். கார்பின் காதெல்லாம் சிவந்து தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

“அக்கா மட்டும் அன்னைக்கு இதே அடுப்படியில உக்காந்து, அந்த சி-யை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுன்னு சொல்லலைன்னா இன்னைக்கு இது உண்டா?” என்று நெல்டா லோர்னாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். “பள்ளிக்கூடத்துல நமக்குன்னு ஒரு ஆள் இருக்கணும். அதுதான் விஷயம்.”

லோர்னா சோள ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். தேநீரை ஊற்றி இறக்கினாள். “என்ன லோர்னா, ரொட்டி வறண்டு போச்சா?” என்று டேரல் கேட்டபோது, “இல்ல, நல்லா இருக்கு” என்று இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ட்ரீவா டீல் அவள் அறைக்கு வந்தாள். மாலைகளில் பலசரக்குக் கடைக் கல்லாவில் நிற்கிற பெண். கடைச் சட்டையை இப்போதே போட்டிருந்தாள். பக்கத்து ஊரில் இரண்டு வருஷக் கல்லூரியில் சேரக் கையெழுத்து வேண்டும் என்றாள்.

“கார்பினுக்குன்னு கேள்விப்பட்டேன், மிஸ் லோர்னா. நல்ல பையன். கெமிஸ்ட்ரி மட்டும் அவனுக்கு ஏறவே ஏறாது, அங்க போய் என்ன பண்ணப் போறானோ.”

“நீ நாலு வருஷக் கல்லூரி எதுக்குமே விண்ணப்பம் போடலையா?”

“போட்டு? இடம் குடுப்பாங்க. சாப்பாடு யாரு குடுப்பா?” சிரித்தாள். பிறகு, குறை சொல்வதுபோல இல்லாமல், சும்மா தெரிந்துகொள்கிறவளாகக் கேட்டாள்: “அந்த எட்டாவது கணக்குதான் கவுத்துடுச்சாமே. கோச் சொன்னாரு. எங்க வகுப்புல எல்லாரும் சி. நாங்க அதை வெச்சு ஒரு சங்கமே ஆரம்பிச்சோம், கார்பின்தான் தலைவர். அவனோடது மட்டும் எப்படிப் போச்சு?”

“பெற்றோர் எழுதிக் கேட்டா எடுத்துடலாம்.”

“அப்படியா? எங்க அம்மாவுக்குத் தெரியாதே.”

“அந்த வசந்தத்துல எல்லார்கிட்டயும் தாள் குடுத்து அனுப்பினோம்.”

“என் பையில வெச்சா?” ட்ரீவா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “என் பைக்குள்ள போன தாள் எதுவும் உயிரோட வீட்டுக்கு வந்ததில்ல. வாழைப்பழத்தோட சேர்ந்து கூழாயிருக்கும். சரி விடுங்க, என் தப்புதான்.”

கையெழுத்தை வாங்கிக்கொண்டு, போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

என் தப்புதான். லோர்னா அந்த வார்த்தையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு வீட்டுக்கு அடுப்படியில் வாயால் சொன்னது, இன்னொரு வீட்டுக்குப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பியது. அப்போது அது அவளுக்கு வித்தியாசமாகவே படவில்லை. தங்கையிடம் பேசுவது வேலையா என்ன? இப்போதும் அதை ஒரு குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டம் வேறு. அங்கே கேள்வி கேட்டார்கள். பதில் அவள் வாயில் இருந்தது.

கல்லூரிக்குப் பேசினாள். காதில் தொலைபேசி மணியடிக்கும்போது, விதி மாறியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள். இந்த வருஷம் எட்டாம் வகுப்பையும் சேர்க்கிறோம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், தான் செய்தது சரியாகவே போய்விடும்.

“இல்லம்மா, அதேதான்,” என்றாள் மிஸ் ப்ரில். “ஒன்பதுக்கு முன்னாடி உள்ளதை நாங்க தொடுறதே இல்ல. பன்னெண்டு, பதிமூணு வயசுல வாங்கினதை வெச்சு என்ன பண்ணப் போறோம்? போன வருஷமும் நீங்கதானே கேட்டீங்க? ஸ்டிடம், ஹார்லோ கேப். குரல் ஞாபகம் இருக்கு.”

“நான்தான்.”

“ஏதாவது சிக்கலா?”

“நாங்க அனுப்பாத பிள்ளையோட சான்றை நீங்க பாப்பீங்களா?”

“எப்படிப் பார்ப்போம்? நீங்க யார் பேரை அனுப்புறீங்களோ அவங்களோடதை மட்டும்தான்.”

ஆக, ட்ரீவாவின் சி-யைத் தள்ளிவிட்டுப் பார்க்கக்கூடியவர்கள் அந்தக் கல்லூரியில் இருந்தார்கள். அவர்கள் மேசைக்கு அந்தத் தாள் போகாது. போகாதபடி நிறுத்தியிருப்பது தன் ஒரு வாக்கியம். லோர்னா எழுந்து வேட்டின் அறைக்குப் போனாள்.

வேட் மதியச் சாப்பாட்டுக்குச் சூப் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

“சரி. விதி இப்போ தெளிவாயிடுச்சு. டெஸ்கின்ஸுக்கும் கோச்சுக்கும் நான் பேசுறேன். கணக்கு இதுதான்னா ட்ரீவாதான். அவங்க என்ன மாட்டேன்னா சொல்லப் போறாங்க?”

“இப்போ தெளிவாகல, வேட். கூட்டத்துலயே எனக்குத் தெரியும். டெஸ்கின்ஸ் கேட்டப்போ தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அதை யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல,” என்றார் மெதுவாக. “நீ இன்னைக்குப் பேசின, அவங்க சொன்னாங்க. கடிதத்துல அப்படி எழுதிடு: ‘நீங்கள் இந்த வாரம் தெளிவுபடுத்தியபடி.’ முடிஞ்சது. சொந்தத் தங்கச்சி பையன்னும் பாக்காம நீயே முன்னால வந்து சொல்ற. ஊர்ல எவ சொல்லுவா? பள்ளிக்கூடத்துலயே உன்னை மாதிரி நேர்மையானவ யாரும் இல்ல.”

அந்தச் சொல் நெருப்பாகச் சுட்டது. “அதைச் சொல்லாத,” என்றாள்.

“நெல்டாகிட்ட யார் சொல்றது? நானா?”

“நான் சொல்றேன்.”

நெல்டா பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கிறவள். மதிய இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவாள். லோர்னா கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறியதும், “வா, வா, பாதி வேணுமா?” என்றாள்.

“நெல்டா, கார்பின் பேரு போகல. ட்ரீவா பேருதான் போகுது.”

நெல்டா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். லோர்னா எல்லாவற்றையும் சொன்னாள்: கல்லூரியின் விதி, கூட்டத்தில் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில். சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தது காருக்குள் வந்ததும் கலைந்துபோய், சொன்னதையே திருப்பிச் சொன்னாள்.

“நீ சும்மா இருந்திருக்கலாமே,” என்றாள் நெல்டா.

“சும்மாதான் இருந்தேன். அதனாலதான் அவன் பேரு வந்துச்சு.”

“அன்னைக்கு என் அடுப்படியில உக்காந்து வழி சொன்னப்போ உறுத்தலையா உனக்கு?”

“இல்ல. அன்னைக்கு உறுத்தல.”

“இப்போ மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு? டேரல் வேலையில்லாம உக்காந்திருக்கான்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அவன் நேத்து எழுந்து நின்னு பேசினானே, எவ்வளவு நாளைக்கு அப்புறம் பேசினான்னு தெரியுமில்ல?”

“தெரியும், நெல்டா.”

“தெரியும் தெரியும்னு சொல்லாத! உனக்கு எல்லாமே தெரியும். எங்க வாய் திறக்கணும், எங்க மூடணும்னு மட்டும்தான் உனக்குத் தெரியாது.” சாண்ட்விச்சைத் தாளோடு கசக்கிக் கதவின் பையில் திணித்தாள். “அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை வராத.”

“எந்த ஞாயித்துக்கிழமை?”

“வான்னு நான் சொல்ற வரைக்கும் எந்த ஞாயித்துக்கிழமையும்.”

கார்பின் பள்ளி விட்டதும் டயர் கடையில் வேலை செய்வான். அவளைக் கண்டதும், “என்ன பெரியம்மா, பஞ்சரா?” என்று சிரித்துக்கொண்டே வந்தான். அவள் சொல்லச் சொல்ல, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

“ட்ரீவாவுக்கா?”

“ஆமா.”

“அவளுக்குக் கிடைக்க வேண்டியதுதான். எனக்குக் கெமிஸ்ட்ரி அவதான் சொல்லிக் குடுத்தா.” துணியை மடித்துக்கொண்டே, “அந்த வகுப்புல நானும் சி-தானே பெரியம்மா. என்னோடதை எடுத்தது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு” என்றான். லோர்னாவுக்குக் கண் கலங்கியது. அவன் அதைப் பார்க்காததுபோல டயர் அடுக்கைப் பார்த்தான். “அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அதையும் நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது.”

“மாநிலக் கல்லூரிக்கு இன்னும் தேதி இருக்கு, கார்பின். வா, இன்னைக்கே உக்காந்து போட்டுடலாம்.”

“இன்னைக்கு வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். காற்று இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

டேரலிடமும் சொன்னாள். அவன் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு, “சரி” என்றான். உள்ளே வரச் சொல்லவில்லை.

டெஸ்கின்ஸும் கோச்சும் பெயரை மாற்றச் சம்மதித்துவிட்டதாக அன்று இரவு வேட் சொன்னார். மறுநாள் காலை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்துக்கு உட்கார்ந்தாள். கடிதம் எழுதுவதில் அவளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு: யாருக்கு, எதற்கு, அவர்களுக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான். அன்று கை அந்த ஒழுங்கை மீறியது. முதல் தாளில் தன்னைப் பற்றியே நிறைந்தது. கூட்டம், தங்கை, அடுப்படி, தன் தூக்கம் வரை வந்துவிட்டது. படித்துப் பார்த்தாள். படிக்கிறவர் ட்ரீவாவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதை யாரோ ஒரு மிஸ் ப்ரில் படித்து, பரவாயில்லை என்று சொல்ல வேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறேன் என்று தோன்றியதும் கிழித்துப் போட்டாள்.

இரண்டாவது தாளில் ட்ரீவா மட்டும். கல்லூரியின் முறைப்படி ஒன்பதாம் வகுப்பு முதல் போட்ட சராசரி, வேலை செய்துகொண்டே படித்தது, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. வேட் சொன்ன வாக்கியத்துக்கு வந்தபோது பேனா நின்றது. ‘நீங்கள் இந்த வாரம் தெளிவுபடுத்தியபடி’ என்று எழுதினால் அதிலும் பொய் இல்லை. இந்த வாரமும்தான் அவர்கள் சொன்னார்கள். கூட்டத்தில் சொன்னதைப் போலவே இன்னொரு உண்மை. டெஸ்கின்ஸுக்கும் கோச்சுக்கும் நகல் போகும். படித்துவிட்டு, நல்ல வேளை கேட்டாளே என்பார்கள்.

‘எட்டாம் வகுப்பு மதிப்பெண்களைத் தங்கள் கல்லூரி கணக்கில் சேர்ப்பதில்லை என்று சென்ற இலையுதிர் காலத்தில் தாங்கள் என்னிடம் கூறியபடி’ என்று எழுதினாள்.

லோர்னாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போடப் பேனாவை எடுத்த வேட், அந்த வரியில் நின்றார்.

“டெஸ்கின்ஸ் இதைப் படிச்சா அன்னைக்கே உனக்குத் தெரியும்னு புரிஞ்சுக்குவாரு.”

“புரிஞ்சுக்கட்டும்.”

“வாரியத்துல எடுத்துப் பேசுவாரு. உன் வேலை விஷயம்னு வந்தா நான் எவ்வளவு தூரம் நிக்க முடியும்னு தெரியாது, லோர்னா.”

“உன்னை நிக்கச் சொல்லல. கையெழுத்துதான் கேக்குறேன்.”

அவர் இன்னொரு முறை படித்தார். போட்டார்.

நகல்களில் பெயர்களை எழுதி, கோச்சுடையதையும் டெஸ்கின்ஸுடையதையும் அலுவலகப் பெட்டிகளில் அவளே போட்டாள். கடிதத்தையும் ட்ரீவாவின் சான்றையும் உறைக்குள் வைத்து ஒட்டினாள். ஒட்டிய இடத்தின் குறுக்கே தன் கையெழுத்து, அதன்மேல் பள்ளியின் அழுத்து முத்திரை. இடையில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்குக் கல்லூரிகள் கேட்கிற அடையாளம். முத்திரைக் கருவியை முழு பலத்தோடு அழுத்தினாள்.

தபால் நிலையத்தில் கல்லாவில் இருந்த பெண் உறையின் முகவரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

“கார்பினோடதா? நெல்டாவுக்குக் கால் தரையிலயே படலையாமே!”

“ட்ரீவா டீலோடது,” என்றாள் லோர்னா.

அந்தப் பெண் உறையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். எடை போட்டு, முத்திரை குத்தி, பின்னால் இருந்த சாக்குக்குள் உறையைப் போட்டாள்.